அந்தப் பிள்ளை பாட்டியிடமே இருக்கட்டும்

பேச முடியாத பேரப்பிள்ளைக்கு ஒரு பாட்டி சோறு ஊட்டி, உடம்பு துடைத்துவிடும் அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கே மறுபடி போடப்போவதில்லை. கீழே வந்த கமெண்டுகளில் முக்கால்வாசி ஒரே பேச்சுதான்: "பாவம் பாட்டி, பிள்ளையை நல்ல ஹோமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமே." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தாய் தகப்பன் இரண்டு பேரையும் பறிகொடுத்த, மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி, சுருக்கமாக சிபி) உள்ள பிள்ளை அது. அதற்கு மிச்சமிருப்பது அந்தப் பாட்டியம்மா ஒருத்தர்தான். அவரையும் பிரிக்க வேண்டுமா?

அந்த அம்மா சோறு ஊட்டியதை யாராவது கவனித்தீர்களா? பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னந்தலையை முழங்கையில் தாங்கி, தாடை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்படி பிடித்திருந்தார். அரை ஸ்பூன்தான் கொடுக்கிறார். விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். தலை பின்னால் சாய்ந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சில பிள்ளைகளுக்குப் புரையேறினால் இருமல்கூட வராது. பால், ரசம் மாதிரி தண்ணியாக இருப்பதில்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் கெட்டியான கேழ்வரகுக் கூழ். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. இப்படி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே முக்கால் மணி நேரம் போய்விடும். ஒரே ஆயா ஒரு ஹால் நிறையப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டிய இடத்தில் இதற்கு எங்கே நேரம்?

தெரிந்த குடும்பம் ஒன்றில் இதே மாதிரி சொல்லிச் சொல்லி ஒரு பையனை ஹோமுக்கு அனுப்பவைத்தார்கள். அவனுக்குப் பேச்சு வராது. தாகம் எடுத்தால் உதட்டை மடித்துக் கண்ணை மேலே தூக்குவான். அது அவன் அம்மாச்சிக்கு மட்டும்தான் தெரியும். காலையும் இரவும் தவறாமல் கொடுக்க வேண்டிய வலிப்பு சிரப், போன புதிதில் பாட்டில் தீர்ந்து விட்டுப்போயிற்று. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் அடுத்தடுத்து வரும். வந்தது. திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் படுக்கைப் புண். படுத்த இடத்திலேயே கிடக்கும் பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? திருப்பிப் போட ஆள் இல்லை.

"எல்லா ஹோமும் அப்படியா?" என்று கேட்பீர்கள். இல்லை. யாருமே இல்லாத பிள்ளைக்கு நல்ல இல்லம் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது ஐயா.

"அப்போ பாட்டி கஷ்டப்பட்டே சாகட்டுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வார்த்தை ரொம்ப வலித்தது. யார் அப்படிச் சொன்னது? உதவி அந்த வீட்டுக்குப் போகட்டும் என்றுதானே சொல்கிறோம். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4000 ரூபாய்க்கு வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சைக்கு வருடம் 1 லட்சம் வரை. எங்கே சிக்குகிறது என்றால் காகிதத்தில்தான். இறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். ஆதார் எடுக்கப் போனால் பிள்ளையின் மடங்கிய விரல் ரேகை இயந்திரத்தில் பதியாது, "அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். ரேகை இல்லாமல் விதிவிலக்காகப் பதிய முடியும் என்று கூடப் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும். கமெண்ட் போட்டவர்களில் ஒருத்தர் போயிருந்தால் போதும்.

"பாட்டிக்கு அப்புறம்?" இந்தக் கேள்வி நியாயமானது. பதில் லேசில்லை. சித்தியோ மாமாவோ இப்போதே வந்து ஊட்டப் பழக வேண்டும். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எந்த நேரம், பிள்ளையின் சைகைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். 18 வயது ஆனதும் 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர் குழுவில் காப்பாளரை நியமிக்க மனு போடலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையே, பெற்றோரால் முடியாதபோது சொந்தபந்தம், அதுவும் இல்லாவிட்டால் ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழல் என்றுதான் சொல்கிறது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து இன்றைக்கே பிரிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தை, உடம்பு துடைக்கும்போதுகூட, அப்படியே காட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரும் போட்டாயிற்று. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பேச முடியாத பிள்ளைக்கு வெட்கம் இருக்காது என்று யார் உங்களுக்குச் சொன்னது? இரக்கத்தில்தான் எடுத்தோம் என்பீர்கள். இருக்கட்டும். முதலில் வீடியோவை நீக்குங்கள். பிறகு அந்த அம்மாவிடம் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். மாதாமாதம் சிரப்பும் டயப்பரும் என்பார். பிள்ளையின் அளவுக்குச் செய்த, மார்புக்குப் பட்டை வைத்த சிபி நாற்காலி ஒன்று கேட்பார். மருந்துக்குப் போய் வரும் நேரத்தில் பிள்ளையோடு உட்கார ஒரு ஆள் கேட்பார். ஹோம் கேட்க மாட்டார்.