பீமன் ஓடினான், புருஷாமிருகம் குளித்தது

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் அக்கா மகன் வந்தான். கண் சிவந்து கிடக்கிறது, முகத்தில் மட்டும் பெருமை.

"ஆறரை மணிக்கூர்ல பன்னிரண்டும் முடிச்சாச்சு மாமா."

பைக்கில்தான். போன தடவையைவிட நாற்பது நிமிஷம் குறைவாம்.

"எத்தனை எடத்துல குளிச்ச மக்கா?"

கொஞ்சம் யோசித்தான். "முஞ்சிறையில குளிச்சிட்டுத்தானே கெளம்பினோம்."

மற்ற பதினோரு கோயிலிலும் காலை நனைத்து, தலையில் நாலு சொட்டு தெளித்துவிட்டு நடைக்குள் போயிருக்கிறார்கள். திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் முழுசாகத் திட்ட முடியவில்லை. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் சிவராத்திரி என்றால் சிவாலய ஓட்டம், பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போய்க் கும்பிடுவது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். இடுப்பில் காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்குப் போகிறவன் ஏன் பெருமாளைக் கூப்பிடுகிறான் என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான், கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கோயிலிலும் முதலில் குளத்திலோ ஆற்றிலோ முங்க வேண்டும். ஈரத்துணியோடுதான் சாமி முன்னால் நிற்க வேண்டும். அந்த ஈரம் உடம்பிலேயே காய, அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். நான் ஓடியது 1994ல், பத்தொன்பது வயதில். திக்குறிச்சியில் தாமிரபரணி. திற்பரப்பில் நடுராத்திரி கோதையாற்றில் முங்கி எழுந்தபோது பல் கிட்டியது. அருவி இரைச்சலில், கூட வந்தவன் கத்தியதே கேட்கவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து இருட்டில், முன்னால் போகிறவனின் "கோவிந்தா"வைப் பிடித்துக்கொண்டே ஓடினோம். பொன்மனைக்குப் பிறகு எனக்குக் காலில் கொப்புளம். வாசலில் சுக்குநீர் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மச்சி, காலைக் காட்டச் சொல்லித் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டார். அந்த வீட்டு முகப்பில் சிலுவை இருந்தது. எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

இப்போது பாட்டி சொன்ன கதை. தருமர் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி மிருகம். சிவபக்தியில் பழுத்தது. விஷ்ணு பெயர் காதில் விழுந்தால் போதும், பாய்ந்து வரும். கிருஷ்ணன் பன்னிரண்டு உருத்திராட்சத்தைக் கொடுத்துப் பீமனை அனுப்புகிறார். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்கிறான், அது துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரத்தில் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிவிடுகிறது. லிங்கத்தைக் கண்ட மிருகம் கோபத்தை அப்படியே விட்டுவிட்டு, குளித்து, பூஜை செய்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பும். அந்த இடைவெளியில் பீமன் தப்பிப்பான். பன்னிரண்டாவது இடத்தில் சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகக் காட்சி கொடுக்கிறார்கள். நட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பது அதனால்தான் என்பாள் பாட்டி.

நாம் எல்லோரும் பீமன் வேஷம்தான் போட்டுக்கொள்கிறோம். ஆனால் கதையில் நின்று சாமி கும்பிட்டது யார்? பீமன் உயிருக்குப் பயந்து ஓடினான், அவனுக்கு எங்கே நேரம்? பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டுக் குளிக்கப் போனது மிருகம். என் மருமகனை ஒன்றும் துரத்தவில்லை. ஆனாலும் ஓடுகிறான்.

சரி, திட்ட முடியாததற்குக் காரணம் குளங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவையும் தெருப் பெண்களையும் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கோயிலில் (பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குத் தெரியும்) குளம் முழுக்க ஆகாயத்தாமரை. படித்துறையில் பாசி, பிளாஸ்டிக் கப். எழுபது வயது அம்மா இரண்டு படி இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எறங்கினா வேற எங்கயாவது போய்க் குளிக்கணும் மக்களே" என்றாள். பக்கத்தில் ஒரு டிரம், இரண்டு மக், முப்பது பேர் வரிசை. குளத்துக்குள் இறங்கிப் பார்த்த ஒரு பையனுக்கு அடுத்த கோயில் வருமுன்பே உடம்பெல்லாம் தடிப்பு. இப்படி இருந்தால் இளசுகள் நாலு சொட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சானலும், அதாவது பாசனக் கால்வாயும், எப்போதும் கைகொடுக்காது. அதில் வரும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பெரும்பாலும் ஜூன் முதல் பிப்ரவரிக் கடைசி வரைதான். 2024ல் போல சிவராத்திரி மார்ச்சில் விழுந்தால் சானல் காய்ந்துவிடும். அப்போது குளம்தான் கதி.

வருஷா வருஷம் பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பணம் வருகிறது. குளத்துக்கு மட்டும் "அடுத்த வருஷம் பாப்போம்". திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. தன் பிறந்த நாளான ஐப்பசிச் சதயத் திருவிழாவுக்கு முட்டம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்திருக்கிறான். நம்மிடம் யாரும் ஊர் கேட்கவில்லை, தூர் வாரத்தான் சொல்கிறோம். பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டால் அது வேறு பிரிவு என்கிறார்கள். எங்களுக்கு எல்லையும் பிரிவும் புதிதா? 1956 நவம்பர் 1ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் கையில், அதே ஊரில் உள்ள கல்குளம் நீலகண்டசாமி கோயில் தமிழ்நாட்டின் கையில். "கோவிந்தா" சொல்லி ஓடுகிற கோவிந்தன்மாருக்கு அது ஒரு தடையாகவே இருந்ததில்லை.

பைக்கைத் தடை செய் என்று சிலர் எழுதுகிறார்கள். ஹாரனையும் மூன்று பேர் ஏறுவதையும் தடுக்கட்டும், சந்தோஷம். வண்டியையே தடுத்தால் என் அம்மா எப்படிப் போவாள்? அந்த டிரம் தண்ணீரையும் சேர்த்து அவள் பன்னிரண்டு இடத்திலும் குளித்தாள். வேன் சன்னல் கம்பி முழுக்க ஈரத் துண்டுகள், சீட்டெல்லாம் நனைந்து டிரைவர் முணுமுணுத்தார். ஓடியே போய் டிரம்மில் ஒரு மக் ஊற்றிக்கொண்டவனைவிட அம்மாவுக்குத்தான் என் மார்க் கூட.

மருமகனிடம் இவ்வளவும் சொன்னேன். தலையைச் சொறிந்தான். வருகிற ஞாயிறு அந்தக் குளத்தில் ஆகாயத்தாமரை வாரப் போகிறோம், பூஜை செய்யும் போற்றியிடமும் சொல்லியாயிற்று. அவனும் பைக் கூட்டமும் வருகிறார்கள். காலை ஆறு மணி, மண்வெட்டியும் கயிறும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கஞ்சியும் பயறும் எங்கள் வீட்டிலிருந்து வரும். எத்தனை மணிக்கூர் ஆகும் என்று கேட்டான். தெரியாது மக்கா என்றேன்.