12 பிள்ளைகள் என்றால் 1728 கொள்ளுப்பேரர்களா?

"12 பிள்ளைகள் பெற்றவருக்கு 12×12×12, அதாவது 1728 கொள்ளுப்பேரர்கள் இருந்தே தீருவார்கள்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பெருக்கல் சரி, குடும்பம் அப்படிப் பெருகாது. சிறுவயதில் இறந்தவர்களையும் மணமாகாதவர்களையும் பிள்ளை இல்லாதவர்களையும் முதலில் கழியுங்கள்.

குடும்ப மரம் எழுதும்போது பெரிய சிக்கல் இரட்டைக் கணக்குதான். மகன்வழிப் பேரன் மகள்வழிப் பேத்தியை மணந்து 5 பிள்ளைகள் பிறந்தால், இரு கிளையிலும் எழுதி 10 ஆக்கிவிடுகிறோம். ஆளுக்கு ஒரே எண் கொடுத்து, இரு கிளைகளையும் அந்த எண்ணில் சேர்க்க வேண்டும்.

பெயரும் ஏமாற்றும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் பல இடங்களில் வழக்கம். ஒரே பெயரில் 1871, 1874 என இரு பிறப்புப் பதிவுகள் இருந்தால் ஒருவரே என்று இணைக்காதீர்கள். இடையில் இறப்புப் பதிவு உண்டா என்று தேடுங்கள்.

தலைப்பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் 30 வருடத்துக்கு மேல் இடைவெளியா? பெரும்பாலும் இரண்டாம் மனைவி இருந்திருப்பார், அல்லது பேரப்பிள்ளையைப் பிள்ளையாகப் பதிந்திருப்பார்கள். வயதை வைத்துத் தலைமுறை பிரிக்கவே கூடாது. இப்படிப்பட்ட குடும்பங்களில் சித்தப்பாவைவிட மூத்த அண்ணன் மகன் சர்வசாதாரணம்.