எருசலேமுக்குள் ஊரும் இல்லை, சேலமும் இல்லை

மறுபடியும் அந்த வீடியோ சுற்ற ஆரம்பித்துவிட்டது. எருசலேம் என்றால் ஊர் + சேலமாம், ஆபிரகாம் பிறந்த ‘ஊர்’ நம்ம ஊரேதானாம். தமிழ்ப் பற்றெல்லாம் சரி, ஆனால் ஒரு ஊரின் பெயருக்குப் பொருள் சொல்லும் முன் அந்தப் பெயர் மிகப் பழைய எழுத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? மெசபொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) அந்த ஊரை, அங்கே வாழ்ந்த சுமேரியர் ‘உரிம்’ என்றுதான் சொன்னார்கள். கடைசி ‘ம்’மைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாம் சொந்தம் கொண்டாடுகிறோம்.

எருசலேமுக்கு வருவோம். தாவீது பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர்கள் தங்களுக்கு ஆகாத ஊர்களின் பெயர்களைக் களிமண்ணில் எழுதி, சபித்து, போட்டு உடைத்திருக்கிறார்கள். கி.மு. 19-18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தத் துண்டுகளிலேயே இந்த நகரத்தின் பெயர் இருக்கிறது. அப்புறம் 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகளில், இந்நகரத்தை ஆண்ட அப்தி-கெபா என்பவர் பார்வோனுக்கு எழுதிய ஆறு கடிதங்கள் இருக்கின்றன. ‘வில்லாளிகளை அனுப்புங்கள், இல்லாவிட்டால் நாடு கைவிட்டுப் போய்விடும்’ என்று கெஞ்சுகிற கடிதங்கள். அதில் ஊர் பெயர் உருசலிம்.

‘அதோ பார், உரு வந்துவிட்டது’ என்று கிளம்பிவிடாதீர்கள். எபிரெய வடிவம் ‘யெரு’ என்று தொடங்குகிறது, அதற்கு நிறுவுதல், அடித்தளம் போடுதல் என்று பொருள். பைபிளின் நாளாகமத்தில் யெருவேல் என்று ஒரு வனாந்தரம் வருமே, அதே வார்ப்புதான்: ஏல் என்ற தெய்வம் நிறுவியது. அப்படியென்றால் எருசலேம் சாலேம் நிறுவியது. யார் இந்தச் சாலேம்? சிரியக் கடற்கரையில் இருந்த உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளில் விடியலுக்கு ஷகர், அந்திக்கு ஷலிம் என்று இரட்டைத் தெய்வங்கள் வருகிறார்கள். அந்த அந்தித் தெய்வத்தின் ஊர் இது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ‘சமாதான நகரம்’ என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். அந்தப் பொருளும் நேற்று முளைத்ததல்ல, எபிரெயர் நிருபம் 7ஆம் அதிகாரத்திலேயே சாலேமின் ராஜாவுக்குச் சமாதானத்தின் ராஜா என்று விளக்கம் உண்டு. ஆனால் அது பின்னால் வந்தவர்கள் கேட்ட பொருள், பெயர் வைத்தவர்கள் நினைத்தது வேறு.

என்னைக் கேட்டால் இதில் பதற ஒன்றுமே இல்லை. பைபிளில் வரும் பெத்ஷிமேஸ் என்ற ஊர்ப் பெயருக்குச் சூரியன் வீடு என்று பொருள். ‘உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே அறிந்தேன்’ என்று கர்த்தர் சொன்ன எரேமியா தீர்க்கதரிசி பிறந்த ஆனதோத், கானானியப் போர்த் தெய்வம் அனாத்தின் பெயரைச் சுமக்கிற ஊர். இஸ்ரவேலர் அந்தப் பெயர்களை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை, இருந்த பெயரோடு குடியிருந்தார்கள். சில பெயர்களுக்குப் பிற்பாடு கதை சேர்ந்தது, அதுவும் ஒரே கதை இல்லை. பெயெர்செபாவையே எடுங்கள், ‘ஏழு கிணறு’ என்றும் ‘ஆணைக் கிணறு’ என்றும் பொருள் சொல்லலாம். ஆதியாகமம் 21இல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி ஆணையிட்டதால் அந்தப் பெயர். 26இல் ஈசாக்கின் வேலைக்காரர்கள் கிணறு தோண்டித் தண்ணீர் கண்டதால் அதே பெயர். எழுதி வைத்தவர்கள் இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நாம்தான் ஒற்றைப் பொருள் கேட்டு அடம்பிடிக்கிறோம்.

இன்னும் பல வெறும் நிலத்தைச் சொல்கிற பெயர்கள்தான், ஆன்மிகத்தைப் போட்டுப் பிழிய வேண்டியதில்லை. கேபா, கிபியா, கிபியோன் மூன்றும் மேடு. ராமா உயரமான இடம். என்கேதி ஆட்டுக்குட்டி ஊற்று, அரபியில் அயின் ஜிதி என்றாலும் அதே ஊற்று, அதே குட்டி.

அரபி என்றதும் 1838 ஞாபகத்துக்கு வருகிறது. எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேத அறிஞரும், அரபி நன்றாகத் தெரிந்த எலி ஸ்மித் என்ற மிஷனரியும் அந்த ஆண்டு பாலஸ்தீனத்தைச் சுற்றினார்கள். மடத்துத் துறவிகள் காட்டும் ‘புனித இடம்’ எதையும் ராபின்சன் நம்பவில்லை. வழியில் கண்ட உழவர்களிடமும் ஆடு மேய்க்கிறவர்களிடமும்தான் கேட்டார். அதிலும் ‘இதுதான் ஆனதோத்தா?’ என்று கேட்கக் கூடாது, அப்படிக் கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ‘அந்த ஊர் பேர் என்ன?’ என்று மட்டும் கேட்க வேண்டும். அனாத்தா என்று பதில் வந்தது. இன்னொரு இடத்தில் முக்மாஸ் என்றார்கள், அது பைபிளில் வரும் மிக்மாஸ். எருசலேமுக்கு வடமேற்கே அல்-ஜிப் என்றார்கள், அதை அவர் கிபியோன் என்றார். சூரியனை நிற்கச் சொல்லி யோசுவா கூப்பிட்டாரே, அதே கிபியோன். ஜிப்பில் கிபியோனின் பாதியைக் காணோமே என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1956இல் ஜேம்ஸ் பிரிட்சர்ட் என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டத் தொடங்கினார். பாறையைக் குடைந்த பெரிய வட்டக் குளத்தைத் தூர்வாரியபோது உடைந்த ஜாடிகளின் கைப்பிடிகள் வந்தன. அதில் பழைய எபிரெய எழுத்தில் கிபியோன் என்றே கீறியிருந்தது. உழவர்கள் சொன்னது சரிதான்.

இதை ஆட்சியாளர்கள் வைத்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெத்செயானைக் கிரேக்கர்கள் ஸ்கித்தோபோலிஸ் ஆக்கினார்கள், அது போய் பைசான் என்று பழையதே திரும்பி வந்தது. அக்கோ பித்தொலோமாய் ஆகி மறுபடி அக்கா ஆனது. எருசலேமுக்கு ரோமப் பேரரசர் ஹேட்ரியன் தன் குடும்பப் பெயரிலேயே ஏலியா கபிடோலினா என்று வைத்தார், இன்று யார் சொல்கிறார்கள்? ஒரு விதிவிலக்கு நாப்ளுஸ், ரோமர்களின் நியாபொலிஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டு சீகேம் என்ற பழைய பெயரைத் தள்ளிவிட்டது.

1949இல் இஸ்ரேல் அரசு தெற்கே உள்ள நெகேவ் பாலைவனப் பகுதிக்கென்று ஒரு பெயர்க் குழு போட்டது. அறிஞர்கள் உட்கார்ந்து அரபிப் பெயர்களை எடுத்துவிட்டு எபிரெயப் பெயர்களை வைத்தார்கள். சிலவற்றுக்குப் பழைய வேர் உண்மையிலேயே இருந்தது. மற்றவற்றில் சிலதை ஒலியைப் பார்த்து எபிரெயமாக்கினார்கள், சிலதைப் பொருளை மொழிபெயர்த்து வைத்தார்கள். பழைய எபிரெயப் பெயர்களில் எத்தனையோ நமக்குக் கிடைத்ததே அந்த அரபி வாய்கள் வழியாகத்தான் என்பது அந்த அறிஞர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் செய்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் கோபம்.