சபையில வட்டிக் கணக்கு போட்டது குத்தமா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சபையில நான் வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுத்தத எதிர்த்து வந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் குரூப் குரூப்பா சுத்திக்கிட்டுதான் இருக்கு. வாலிபர் வகுப்புல நான் போர்ட்ல எழுதினத போட்டோ எடுத்து "இது சபையா, பேங்க்கா"ன்னு கேட்ட சகோதரருக்கு முதல்ல ஸ்தோத்திரம். மேல எழுதியிருந்த நீதிமொழிகள் 22:7ஐ வெட்டிட்டு கீழ இருந்த கணக்க மட்டும் போட்ட திறமைக்கு இன்னொரு ஸ்தோத்திரம். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை"ங்கறதுதான் பாடம், அந்த அடிமைத்தனம் எத்தனை சதவீதத்துல ஆரம்பிக்குதுன்னு சொன்னது என் குத்தம்.

அந்தக் கணக்கு இதுதான். கிரெடிட் கார்டுல 10,000 பாக்கி, மாசம் 3 சதவீதம் வட்டி, மினிமம் டியூ, அதாவது மாசம் குறைஞ்சது கட்டவேண்டியது, 5 சதவீதம்னு வச்சுக்கச் சொன்னேன். பத்தாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு 500 கட்டினா 300 வட்டிக்கே போயிடுதுன்னு கழிச்சு, மிச்சம் 200ஐ சுத்தி வட்டம் போட்டுட்டு, "அங்கிள், அசல்ல இவ்ளோதான் குறையுமா?"ன்னு நிமிர்ந்து பார்த்துச்சு. பக்கத்துல இருந்த பையன், "அப்போ இது எப்பதான் முடியும்?"னான். இந்தக் கேள்வி வரணும்னுதான் வகுப்பே எடுக்கறேன்.

கணக்கு தெரியாம இருக்கறது விசுவாசம் இல்லைங்க. கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செலவக் கணக்குப் பார்க்க மாட்டானான்னு கேட்டது நான் இல்ல, இயேசு, லூக்கா 14:28. 2 இராஜாக்கள் 4ல கடன்காரன் வந்து அந்த விதவையோட ரெண்டு பிள்ளைங்களையும் அடிமையா இழுத்துட்டுப் போக நிக்கறான். எண்ணெய் பெருகின அற்புதம் முடிஞ்ச கையோட எலிசா என்ன சொல்றார்? எண்ணெய வித்து கடன அடை, மீதியில நீயும் பிள்ளைங்களும் பிழைங்கன்னு. அற்புதத்துக்கு அப்புறமும் கணக்கு இருக்கு.

எங்கப்பா கதைய சொல்றேன். கூட ஜெபிக்கிற ஒருத்தர் வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டார், ஜெபம் முடிஞ்சதும் மூடின பைபிள் மேலயே பேப்பர வச்சு, ஒரு வரி படிக்காம. வட்டி 10 சதவீதம்தானேன்னு சொன்னாங்களாம். அது ஃபிளாட் ரேட், அசல் குறைஞ்சாலும் முதல்ல வாங்கின முழுத் தொகைக்கே போடற வட்டி. ஒரு வருஷ மாசத் தவணையில, குறையுற அசலுக்குப் போட்டுப் பார்த்தா அது கிட்டத்தட்ட 18 வரும். வாங்கினவர் வர்றத நிறுத்திட்டார், அப்பா கட்டினார். அன்னைக்கு சுத்தி நின்னு ஆமென் சொன்னவங்கள்ல ஒருத்தர்கூட தவணை தேதியில வீட்டுப் பக்கம் வரல. கர்த்தர் பாத்துக்குவார்னு மட்டும் சொல்லி அனுப்பினாங்க.

உடனே 1 தீமோத்தேயு 6:10 கமெண்ட்ல வரும்னு தெரியும். பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர், சரிதான், ஆசைன்னுதானே போட்டிருக்கு, கூட்டல் கழித்தல்னா போட்டிருக்கு? "ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களே"ன்னா, கூட்டுவட்டி சூத்திரம் தர்றாங்க, லோன் பேப்பர்ல பொடி எழுத்துல இருக்கற பிராசஸிங் சார்ஜ எந்தப் பரீட்சையும் கேக்கறதில்ல. கஷ்டப்படுற வீட்டுப் பசங்க கூசிப்போவாங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க, அது நியாயம், அதனாலதான் யார் வீட்டுக் கணக்கையும் கேக்காம போர்ட்ல கற்பனைக் கணக்கு போட்டேன். அவ்ளோதான்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. தசமபாகம்னா வருமானத்துல பத்துல ஒண்ணு காணிக்கைன்னு நம்ம சபையில நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும். அது ஆவிக்குரிய சதவீதம். மிச்சம் 90ஐப் பத்தி வாயத் திறந்தா அது மட்டும் உலகப்பிரகாரம் ஆயிடுதா? பிள்ளைங்க வாங்கப்போற சம்பளம் வேணும், அத அவங்க எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லிக்கொடுக்கக் கூடாது, நல்லா இருக்கு.

இல்ல, வேற பயமா? இன்னைக்கு மினிமம் டியூ படிச்சவன் நாளைக்கு வருஷாந்திரக் கூட்டத்துல வரவுசெலவத் திருப்பிப் பார்த்து, "இதர செலவு"ன்னு ஒரே வரியில போன தொகை என்னன்னு கேப்பான்னா? கேக்கட்டுமே. காணிக்கை போட்டவன் கேக்கலாம்ல?

அடுத்த வகுப்பு நீதிமொழிகள் 6, ஜாமீன். ஆட்சேபணை இருக்கறவங்க பாஸ்டர்கிட்ட எழுத்துல கொடுங்க, வாய்ஸ் மெசேஜ் வேணாம்.