'டிக்' ஓசை வந்தாலே ஸ்டார்ட்டர் பழுது என்று பொருளன்று
கார் சாவியைத் திருப்பும்போது என்ஜின் கிளம்பாமல் 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தால், என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. மண்டபம், பாம்பன் போன்ற உப்புக்காற்று ஊர்களில் ஓடும் பழைய கார்களில், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்து அரித்திருந்தாலும் இதே ஓசைதான் வரும். என் காரில் என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கையே நுழையாத இடத்திலிருந்த மோட்டாரை அரைநாள் மல்லுக்கட்டிக் கழற்றிய பிறகே இது எனக்கு விளங்கியது.

கியரை நியூட்ரலில் வைத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் (என்ஜினின் உலோக உடல்) பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் இணைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதன்பின்னும் மோட்டாரைக் கழற்ற நேர்ந்தால், அதற்கு வரும் தடித்த கேபிளில் சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கும் என்பதால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பேனரை உள்ளே விடாதீர்கள்.