எல்லா வலி மாத்திரையும் ஒன்றல்ல

பாலூட்டும் தாய் வலி மாத்திரைப் பக்கமே போகக் கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மார்த்தாண்டத்தில் மருந்துக் கடை நடத்துகிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே கலக்கிறது. தாயின் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இதே மருந்தைச் சொட்டாகவோ சிரப்பாகவோ நேரடியாகவே கொடுக்கிறார்கள். அந்த அளவோடு பார்த்தால் பால் வழியாகப் போவது ஒன்றுமே இல்லை. பால் கட்டி மார்பு வீங்கும்போது வலியோடு வீக்கத்தையும் தணிக்கும்.

நாப்ரோக்சன் என்ற இன்னொரு வலி மாத்திரை வேறு கதை. உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால் தொடர்ந்து எடுப்பது நல்லதல்ல. வலிக்கு ஆஸ்பிரினும் வேண்டாம். குழந்தைக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோயான ரே நோய்க்குறி வரலாம் என்ற அச்சம் இருக்கிறது. கோடீன், டிரமடால் இரண்டும் இந்த வகையே அல்ல, அபின் வகை வலி மருந்துகள். பாலூட்டும் தாய்மாருக்கு அவை கூடாது என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

எங்கள் பக்கத்தில் பேறுகால மருந்தும் கஷாயமும் போதும், இங்கிலீஷ் மருந்து பாலைக் கெடுக்கும் என்று சொல்லும் மாமியார்கள் உண்டு. சிசேரியன் தையல் வலியில் உட்கார முடியாத மருமகள் பாலூட்டுவதை விட்டுவிடுகிறாள். பிறகு பால் பவுடர் டப்பா வாங்க எங்களிடமே வருகிறார்கள்!

தாய்க்கு அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் இபுபுரூஃபனும் கூடாது. கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.