குழாயைச் சின்னதாகப் போட்டுவிட்டு மாலுமியைத் திட்டாதீர்கள்

போர்க்கப்பலில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் பழி உடனே மாலுமிகள் தலையில்தான் விழும். "கண்டதையும் உள்ளே போடுகிறார்கள்!" சட்டை, சாக்ஸ், துடைப்பத் துணி எல்லாம் குழாயில் சிக்கியது உண்மைதான். போட்டவர்கள் செய்தது தப்புதான். அதற்காக மொத்தக் கோளாறையும் அவர்கள் தலையில் கட்டுவதை ஒத்துக்கொள்ளவே முடியாது.

அமெரிக்காவின் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் 130 கழிப்பறைகள், அவற்றில் 423 கோப்பைகள். 2011 பயணத்தில் எல்லாமே ஒரேயடியாக நின்றுபோன நாட்களும் உண்டு. அடுத்து வந்த ஜெரால்ட் ஃபோர்டு சுமார் 1,300 கோடி டாலர் கப்பல். அதிலும் இதே தலைவலி! அடைப்பை நீக்க இரண்டு கப்பல்களின் குழாய்களையும் அடிக்கடி அமிலம் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது, ஒரு தடவைக்குச் சுமார் 4 லட்சம் டாலர் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2020-ல் எழுதியது. பலர் ஒரே நேரத்தில் ஃபிளஷ் செய்தால் குழாய் தாங்காது, அவ்வளவு குறுகல் என்பதும் அப்போதே வெளிவந்தது.

நாலாயிரம் பேர் இருக்கும் கப்பலில் காலையில் எல்லோரும் ஒன்றாகத்தானே போவார்கள்? வாட்ச், அதாவது பணிமுறை, மாறும்போது வரிசை கட்டத்தானே செய்வார்கள்? இதை வரைபடம் போட்டவர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

இந்தக் கப்பல்களில் இருப்பது விமானத்தில் இருப்பது போன்ற வேக்குவம் முறை, அதாவது உறிஞ்சி இழுக்கும் முறை. பொத்தானை அழுத்தினால் வால்வு திறக்கும், கொஞ்சம் தண்ணீரோடு கழிவைக் காற்று இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் மிச்சம், சரி. ஆனால் சிறுநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து குழாயின் உட்சுவரில் கல்லாகப் படியும். ஏற்கெனவே சின்னக் குழாய் இன்னும் சின்னதாகும். அமிலம் அந்தக் கல்லைத்தான் கரைக்கும், குழாயை அகலமாக்காது! போதாக்குறைக்கு ஃபோர்டில் ஆண்களுக்கான யூரினல் ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்குப் போனாலும் அதே கோப்பை, அதே வால்வு, அதே குழாய்.

ஒரு வால்வு சரியாக மூடாமல் நின்றுவிட்டால் அந்தப் பகுதிக்கே வேக்குவம் போச்சு. பழுது ஒரு கோப்பையில், முடங்குவது பத்து அறை. அப்புறம் பழுது பார்ப்பவர்தான் கிளைக் கிளையாக வால்வை மூடி, அழுத்தமானி ஏறுகிறதா என்று பார்த்து, கோப்பைக் கோப்பையாகக் குனிந்து 'உஸ்ஸ்' சத்தம் எங்கே கேட்கிறது என்று தேட வேண்டும். அடைப்பு என்றால் குழாயைக் கழற்றணும். உள்ளே தேங்கியது எங்கே கொட்டும்? அவர் மேலேதான். முடித்துக் கை கழுவுவதற்குள் அடுத்த புகார் வந்து நிற்கும்.

மற்றவர்கள் பாடு? நடுராத்திரி எழுந்து, ஏணி ஏறி இறங்கி, வேலை செய்கிற கழிப்பறை எங்கே என்று கப்பல் முழுக்கத் தேட வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். வெக்கையில் வேலை பார்க்கிற உடம்புக்கு அது எவ்வளவு கெடுதல்! அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வேறு. மாதக்கணக்கில் கடலில் இருக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

இனிக் கட்டும் கப்பலிலாவது காலை நேரக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துக் குழாய் போடுங்கள், யூரினலைத் திரும்ப வையுங்கள். இருக்கிற கப்பல்களுக்கு உதிரி வால்வுகளைத் தாராளமாக ஏற்றி அனுப்புங்கள். விடிய விடிய அடைப்பெடுத்தவரை மறுநாள் வேறு வாட்சில் நிறுத்தாமல் தூங்க விடுங்கள்.